கைப்பிடிச் சுவர்

இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், பறவைக் கூட்டைப் பற்றிய கட்டளைக்கும் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிய கட்டளைக்கும் இடையே, வீடு கட்டுவோருக்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, எவரேனும் அங்கிருந்து விழுந்து மடிந்தால், இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வந்து சேரும் என்பது அதன் கருத்து. ஒற்றை வசனந்தான். மறையுரைகளில் இதற்கு விளக்கம் கேட்டவர்கள் நம்மில் மிகச் சிலராகவே இருக்கக்கூடும்.

பாலஸ்தீன நாட்டு வீடுகளின் மேல்தளம் நம்மூர் மொட்டைமாடியைப் போன்றது. எரிகோ நகரத்து இராகாபு ஒற்றர்களை ஒளித்துவைத்தது மாடியில் பரப்பியிருந்த சணல் தட்டைகளுக்குள். பேதுரு யோப்பாவில் நண்பகல் வேளையில் இறைவேண்டல் செய்ய ஏறியதும் மாடிக்கே. தானியம் உலர்த்தவும் உறங்கவும் செபிக்கவும் மக்கள் அன்றாடம் நடமாடிய இடம் அது. அங்கிருந்து விழுந்தவர் இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து நடந்திருக்கலாம். பேச்சுவாக்கில் பின்னோக்கி அடி வைத்திருக்கலாம். சற்று மிகுதியாகக் குடித்தும் இருக்கலாம். மோசேயின் சட்டம் இவற்றுள் எதையும் வினவவில்லை. மாடியேறுவோரைப் பார்த்து, எச்சரிக்கையாயிருங்கள் என்றும் அது சொல்லவில்லை. கட்டுகிறவரோடு மட்டுமே பேசுகிறது. அதுவும் கட்டும்போதே பேசுகிறது.

விடுதலைப் பயண நூலிலும் இந்நெறி இரண்டிடங்களில் வருகிறது. குழி தோண்டி மூடாமல் விட்டவர், அதில் பிறருடைய மாடோ கழுதையோ விழுந்து சாகுமானால் ஈடு கொடுக்க வேண்டும். முட்டும் பழக்கமுள்ள மாட்டை, பலர் எச்சரித்தும் கட்டிவைக்காத உரிமையாளர், அது ஓர் ஆளைக் கொன்றுவிட்டால், அதைக் கொன்றது தம் மாடேயொழிய தாம் அல்ல என்று சொல்லித் தப்ப இயலாது. அவருடைய உயிரே தீர்ப்புக்கு உட்படுகிறது. தெரிந்திருந்தும் தடுக்காமை ஒரு செயலாகவே கொள்ளப்படுகிறது.

இந்தப் பழைய சட்டங்களை இன்று நாம் எடுத்துப் பேசக் காரணமாயிருப்பது ஒரு சொல். ஆலையிலோ கட்டட வேலையிலோ ஒருவர் இறந்தால் நாளேட்டின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி வரும். அதில் அநேகமாகத் தவறாமல் இடம்பெறும் சொல் ‘கவனக்குறைவு’. இறந்தவர் வாய் திறக்க மாட்டார் ஆதலால், அச்சொல் அவர்மேலேயே போய் விழுகிறது. சாரத்திலிருந்து தவறி விழுந்தார், எந்திரத்தில் கையை விட்டுவிட்டார், மின்கம்பியைத் தொட்டுவிட்டார். இந்த வாக்கியங்களின் எழுவாய் எப்போதும் செத்தவரே. எந்திரத்துக்குக் காப்பு மூடி போடாதவர், சாரத்துக்கு நடுக்கம்பு கட்டாதவர், மின்சாரத்தை நிறுத்தாதவர் எவரும் அவ்வாக்கியங்களுக்குள் வருவதில்லை. கவனக்குறைவு யாருடையது என்பதே நாம் இங்கு எண்ணிப்பார்க்க விரும்பும் வினா.

நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைத்தும் வங்கியில் கடன் பெற்றும் மகனையோ மகளையோ பொறியியல் படிக்க வைக்கின்றன. அப்பிள்ளைகளுக்கு முதலாண்டில் பட்டறைப் பயிற்சி உண்டு. சட்டையை உள்ளே செருகிக்கொள், காலணி இல்லாமல் உள்ளே வராதே, லேத்தின் சக்கில் சாவியை மாட்டியபடி விட்டுவிட்டு எந்திரத்தை ஓட்டாதே என்று ஆசிரியர் கண்டிப்பார். இவை நல்ல விதிகள். பல விரல்களையும் கண்களையும் காத்த விதிகள். ஆயினும் இவற்றை மட்டுமே கேட்டு வெளிவரும் மாணவர், பாதுகாப்பு என்பது எந்திரத்தின் முன் நிற்பவர் தம் உடம்பைக் காத்துக்கொள்ளும் ஒழுங்கு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. நாளைக்கு அவர் எந்திரத்தின் முன் நிற்கப்போகிறவர் அல்லர். அதை வரையப்போகிறவர், வாங்கப்போகிறவர், வேறொருவரை அதன் முன் நிறுத்தப்போகிறவர். மோசேயின் சட்டம் யாரோடு பேசியதோ அந்த இடத்துக்கு அவர் போகிறார். அங்கே போனபின் பொருந்தும் அறம் வேறு.

பாதுகாப்புப் பாடநூல்களில் வழிவழியாக வரும் ஒரு கணக்கும் இந்த மயக்கத்துக்குத் துணை நின்றிருக்கிறது. அமெரிக்க நாட்டுக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய ஹைன்ரிச் என்பவர் 1931-இல் வெளியிட்ட நூலில், ஆலை விபத்துகளில் 100-க்கு 88 தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களால் நேர்கின்றன என்றும், 10 எந்திரம் முதலியவற்றின் குறையால் நேர்கின்றன என்றும், எஞ்சிய 2 தவிர்க்க இயலாதவை என்றும் எழுதினார். அந்த 88 உலகமெங்கும் பரவிற்று. அவர் ஆராய்ந்த ஏடுகளில் விபத்தின் காரணத்தைப் பெரும்பாலும் எழுதியவர்கள் மேற்பார்வையாளர்களும் முதலாளி தரப்பினருமே என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. வழக்கில் ஒரு தரப்பார் எழுதிவைத்ததைக் கூட்டிப் பார்த்தால், அத்தரப்பாருக்குச் சாதகமான விடை வருவதில் வியப்பென்ன?

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நிதானமாக நோக்குவோம். தகடுகளை வெட்டியும் அழுத்தியும் உருவாக்கும் பவர் பிரஸ் நம் சிறுதொழிற்பேட்டைகள் எங்கும் உள்ள எந்திரம். தகட்டைக் கையால் வைத்து எடுக்கும் வேளையில் மேலச்சு இறங்கினால் விரல்கள் போய்விடும். இதற்குப் பொறியியல் கண்ட வழி எளியது. இரு பொத்தான்களை ஒன்றுக்கொன்று தள்ளி அமைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் அழுத்தினாலன்றி அச்சு இறங்காதபடி செய்துவிடுவது. இரு கைகளும் பொத்தான்மேல் இருக்கையில் அச்சுக்கு அடியில் எந்தக் கையும் இருக்க முடியாது.

இனி நடப்பதைப் பாருங்கள். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று பேசப்பட்டிருக்கிறது. இரு கைகளாலும் அழுத்தினால் ஒரு மணிக்கு ஆகும் உருப்படி குறைகிறது. தொழிலாளி ஒரு பொத்தானில் குச்சியைச் செருகியோ பசைநாடாவை ஒட்டியோ அதை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவிட்டு, ஒரு கையால் வேலை செய்கிறார். மேற்பார்வையாளர் அதைக் கண்டும் காணாமல் போகிறார். மாலையில் எண்ணிக்கை கூடியிருப்பதைக் கண்டு மகிழவும் செய்கிறார். ஒருநாள் விரல்கள் போகின்றன. விசாரணையில், பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி தாமே செயலிழக்கச் செய்தார் என்று எழுதப்படுகிறது. அது உண்மைதான். ஆயினும் உண்மையின் மிகச் சிறிய பகுதி. குச்சி செருகினால் ஏமாந்துவிடும் பொத்தானை வரைந்தவர் ஒருவர்; ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் இரு பொத்தான்களும் விடுபட்டாலன்றி மறுமுறை இயங்காத அமைப்பு சந்தையில் இருக்க, விலை குறைந்ததை வாங்கியவர் ஒருவர்; வேகத்துக்கு மட்டும் கூலி வைத்தவர் ஒருவர். இவர்கள் எவருடைய கையும் அச்சுக்கு அடியில் இல்லை.

ஆலை நடத்தும் நண்பர்கள் நம்மிடம் குறைப்படுவதுண்டு: “தலைக்கவசம் கொடுத்தால் அதில் காய்கறி வாங்கிக்கொண்டு போகிறான் ஐயா, நாங்கள் என்ன செய்ய?” இக்குறையைத் தள்ளிவிட முடியாது. மனிதர் சோம்பலும் துணிச்சலும் உடையவர். விதியைக் கண்டால் மீறிப் பார்க்கும் ஆசையும் உடையவர். தொழிலாளருக்கும் தம் உயிரைக் காத்துக்கொள்ளும் கடமை உண்டு. ஐந்தாம் கட்டளை தன்னுயிரையும் உள்ளடக்கியது என்பதே திருச்சபையின் போதனை. ஆனால் மனிதர் இப்படிப்பட்டவர் என்பது வடிவமைப்பவருக்கு முன்பே தெரியும். நாம் தூசி என்பதைச் சாம்பல் புதனன்று ஆண்டுதோறும் நெற்றியில் வாங்கிக்கொள்கிறோம். இரவுப்பணியில் மூன்று மணிக்குக் கண் செருகுபவர், மகளின் பள்ளிக் கட்டணத்தை நினைத்துக்கொண்டே கை நீட்டுபவர், முந்தாநாள்தான் ஒடிசாவிலிருந்து வந்து தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரியாதவர், இவர்களே எந்திரத்தின் முன் நிற்கிறார்கள். ஒருபோதும் களைப்படையாத, ஒருகணமும் மறவாத ஆளையே பாதுகாப்பாக வைத்திருக்கும் எந்திரம் வானதூதர்களுக்காகச் செய்யப்பட்டது. அவர்களுக்குக் கைகள் கிடையா.

அதனாலேயே பாதுகாப்பியல் வல்லுநர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். ஆபத்தையே முற்றிலும் நீக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிடில் ஆபத்துக் குறைந்த பொருளையோ முறையையோ மாற்றாகக் கொள்ள வேண்டும். அதுவும் இயலாவிடில் மூடியாலும் தடுப்பாலும் காற்றிழுக்கும் குழாயாலும் ஆபத்தை மனிதரிடமிருந்து பிரிக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகையும் பயிற்சியும் இவற்றுக்கு அடுத்தவை. கையுறையும் கவசமும் முகமூடியும் எல்லாவற்றுக்கும் கடைசி. நம் நாட்டில் பல இடங்களில் கடைசிப் படியே முதற்படியாகவும் ஒரே படியாகவும் இருக்கிறது, அது மலிவானது என்பதால். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆபத்தான இயங்கு பாகங்களுக்கு வேலி அடைக்க வேண்டும் என்று பணித்தபோது மோசேயின் வரிசையையே பின்பற்றியது எனலாம். அச்சட்டத்தையும் வேறு பல சட்டங்களையும் ஒன்றாக்கி 2020-இல் நாடாளுமன்றம் ஒரே தொகுப்பாக நிறைவேற்றியது. தொகுப்பின் பெயர் எதுவாயினும், வேலி அடைக்கிறார்களா என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

போபால் நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். 1984 திசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவையொட்டி யூனியன் கார்பைடு ஆலையின் தொட்டியொன்றில் நீர் புகுந்து, ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் நச்சு வாயு நகரின்மேல் பரவிற்று. அரசின் கணக்கிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது, மனக்குறை கொண்ட தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே நீரைப் புகுத்தினார் என்பது அந்நிறுவனத்தின் வாதமாயிற்று. அந்த வாதத்தை வாதத்துக்காகவே ஏற்றுக்கொண்டு பார்ப்போம். தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்து அழிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய், பழுதுக்காகக் கழற்றப்பட்டு மீண்டும் பொருத்தப்படவில்லை. வாயுவைக் கழுவி நச்சு முறிக்கும் அமைப்பு அவ்வளவு பெருக்கைத் தாங்கக் கூடியதாயில்லை. நீரைப் பீய்ச்சித் தடுக்க முயன்றபோது அது வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. ஒரு கை தவறு செய்தாலும் நகரம் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை சுவர்களும் வரையப்பட்டன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு மேசையில், செலவுக் குறைப்பு என்றோ அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றோ எழுதிய ஒரு குறிப்பால் இடிந்தது. அக்குறிப்புகளை எழுதியவர்களும் படித்தவர்கள். 2010 சூன் 7-ஆம் நாள் போபால் நீதிமன்றம் ஆலையின் முன்னாள் பொறுப்பாளர்கள் எழுவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

விபத்தில் குருதி தெரிகிறது, ஆகவே செய்தியாகிறது. தொழில்நோயில் அது தெரிவதில்லை. வட இத்தாலியின் மொதெனா நகரில் மருத்துவப் பேராசிரியராயிருந்த பெர்னார்தினோ ரமாச்சினி, தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்த ஒருவர் மிகுந்த பரபரப்போடு வேலை செய்வதைக் கண்டு காரணம் கேட்டார். நான்கு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் கண் பார்வை போய்விடும் என்றார் அவர். அந்த மனிதரின் சிவந்த கண்களே ரமாச்சினியைத் தொழில்தோறும் தேடி அலைய வைத்தன. பொன் முலாம் பூசுவோர், குயவர், கல்தச்சர், செவிலித்தாயர் என்று பலருடைய நோய்களையும் தொகுத்து 1700-இல் அவர் வெளியிட்ட நூல், தொழில்நோய் மருத்துவத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, நீர் என்ன தொழில் செய்கிறீர் என்பதையும் கேட்க வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற அறிவுரை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் மருத்துவமனைகளின் வரிசையில் நிற்கும் ஏழையிடம் இவ்வினா எத்தனை முறை கேட்கப்படுகிறது? கல்லுடைக்கும் ஆலைகளிலும் மணல் பீய்ச்சும் பணியிலும் சிலிக்கா தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவரின் நுரையீரல் கல்லாய் இறுகும், அதற்கு மருந்தில்லை. இருமலைக் கண்டு காசநோய் என்று முடிவு செய்து, அதற்குரிய மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கவைத்து, அவரைத் திரும்பவும் அதே தூசிக்குள் அனுப்பிவைப்பது நடக்கிறது.

கொங்கு நாட்டுப் பஞ்சாலைகளை அறிந்தவர்களுக்கு வேறொரு நோய் தெரிந்திருக்கும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசியால் வருவது. அதன் தொடக்கக் குறி விந்தையானது. வாரமெல்லாம் வேலை செய்தவர் ஞாயிறன்று ஓய்வெடுத்துவிட்டுத் திங்களன்று ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகும். செவ்வாய் புதனில் சற்றுத் தளரும். ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாளும் திங்களாகிவிடும். ஓய்வுநாளைத் தந்த இறைவன் அதனை வாரம் முழுமைக்கும் புத்துயிராகத் தந்தார். இவர்களுக்கோ அது நோயை எடுத்துக்காட்டும் நாளாயிற்று. தூசியை அது பிறக்கும் இடத்திலேயே இழுத்துக்கொள்ளும் காற்றமைப்பு நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. அதைப் பொருத்தாத ஆலையில் மேலாளர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு விரைந்து கடந்து செல்வார். அந்தக் கைக்குட்டையே அவருக்கு எதிரான சாட்சி.

ரமாச்சினி கண்ட அந்தக் குழிக்கு நாமும் வந்தாக வேண்டும். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கிச் சாவோரின் செய்தி ஓய்ந்தபாடில்லை. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சிறிதளவில் அழுகிய முட்டையைப்போல் நாறும். காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு அதனை உணரும் ஆற்றலை இழந்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும் நேரமே மரண நேரம். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் மயக்கம். முதலில் இறங்கியவர் விழுகிறார். மேலே கயிற்றைப் பிடித்திருந்த தம்பியோ உடன் வேலை செய்பவரோ ஒரு நொடியும் தாமதியாமல் குதிக்கிறார். அவரும் விழுகிறார். சில வேளை மூன்றாமவரும் அப்படியே. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் மயங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவரைக் காக்க, அவ்வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இறங்கினார். மூவரும் மாண்டனர்.

நண்பருக்காக உயிரைக் கொடுப்பதிலும் மேலான அன்பு இல்லை என்று ஆண்டவர் யோவான் நற்செய்தியில் கற்பிக்கிறார். அந்த ஓட்டுநர் அந்தச் சொல்லை நிறைவேற்றினார். அவரை நாம் வணங்குகிறோம். வணங்கிய கையோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேரன்பு தேவைப்பட்ட சூழ்நிலையை உண்டாக்கியவர்கள் யார்? குழியின் காற்றைச் சோதிக்கும் கையடக்கக் கருவி, காற்றூதும் விசிறி, இறங்குபவரை மேலிருந்தே இழுத்தெடுக்க முக்காலியும் கயிறும் இடுப்புப்பட்டையும், எல்லாவற்றிலும் மேலாக இறங்கவே தேவையில்லாத எந்திரம் ஆகியன உலகில் இருக்கின்றன. அவற்றை வாங்குவதும் அமைப்பதும் எவர் கண்ணிலும் படாத சிறு அன்பு; கூலி பேசும் மேசையில், ஒப்பந்தப் புள்ளியின் மூன்றாம் பக்கத்தில் செய்துமுடிக்க வேண்டிய அன்பு. அந்தச் சிறு அன்பைச் சேமித்துக்கொண்டவர்களின் கடனைத்தான் ஏழைகள் தங்கள் பேரன்பால் அடைக்கிறார்கள்.

2013-இல் வந்த சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆட்களை இறக்குவதைத் தடை செய்தது. 1993 முதல் இவ்வாறு இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இறங்குபவர்கள் ஏறத்தாழ அனைவரும் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று; கருவி வாங்கப்படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். கோழிக்கோட்டுச் சாவுகள் கேரளப் பொறியியல் கல்லூரியொன்றில் தோழர்களாயிருந்த இளைஞர் சிலரை உறுத்தின. அவர்கள் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ என்னும் எந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்துச் சாக்கடைகளில் இறக்கப்பட்டது. அதை இயக்கப் பயிற்சி பெற்றவர்களுள் முன்பு குழிக்குள் இறங்கியவர்களும் உண்டு. நம் கல்லூரிகளின் இறுதியாண்டுச் செயல்திட்டங்கள் பலவும் கடையில் காசு கொடுத்து வாங்கப்படும் காலத்தில், இதனை நாம் வியப்போடு நினைக்கிறோம்.

‘எல்லாம் கடவுள் சித்தம்’ என்று ஆறுதல் சொல்வது நம் வழக்கம். கண்ணீர் வடிக்கும் தாயிடம் அதைச் சொல்வது இரக்கம். பொறுப்புள்ளவர்கள் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொள்வது வேறு. 2014 சூன் 28-ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டபோது, மழையோடு விழுந்த இடியே காரணம் என்ற பேச்சும் கட்டியவர் தரப்பிலிருந்து எழுந்தது. இயேசுவின் காலத்திலும் ஒரு கோபுரம் சரிந்தது. சீலோவாமில் இறந்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என நினைக்கிறீர்களா என்று ஆண்டவர் கேட்டு, இல்லை என்று தாமே விடையும் தந்தார். பழியைச் செத்தவர்மேல் ஏற்றும் வழியை அடைத்துவிட்டு, உயிரோடிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் மாறச் சொன்னார்.

இனி, வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த இளம் பொறியாளரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்விக் கடன் தலைக்குமேல் இருக்கிறது. பயிற்சிக் காலம் முடியவில்லை. தொட்டிக்குள் இறங்கவும், வெல்டிங் தீப்பொறி பறக்கவும் அனுமதி தரும் பணிச்சீட்டில் அவர் கையொப்பமிட வேண்டும். காற்றைச் சோதித்தாயிற்று, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டாயிற்று என்ற கட்டங்களில் எல்லாம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கிறது. இடத்துக்குப் போய்ப் பார்க்க நேரமில்லை. மேலாளர் தொலைபேசியில் அவசரப்படுத்துகிறார். பலர் கையொப்பமிடுகிறார்கள். அவர்களைக் கல்லெறிய நாம் துணியோம். ஆனால் அக்கையொப்பம் சிறு பொய் என்று யாரேனும் சொன்னால் அதை நாம் ஏற்க மாட்டோம். திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்றையும் அறிக்கையிடுகிறோம்: செய்யத் தவறியது. பொறியாளரின் பாவங்கள் அநேகமாக அந்த நான்காம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு முகம் இல்லை. இரவில் வந்து உறக்கத்தைக் கெடுப்பதில்லை. யார் விழுவார் என்று தெரியாமலேயே சுவர் எழுப்பாமல் விடப்படுகிறது.

பங்களாதேசத்தின் இராணா பிளாசா இதன் கடுமையைக் காட்டுகிறது. 2013 ஏப்ரல் 23-இல் அக்கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தன. வந்து பார்த்த பொறியாளர் அது பாதுகாப்பானதன்று என்றார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றிவிட்டது. மேலிருந்த தையல் ஆலைகளின் தொழிலாளர் மறுநாள் காலை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். 1,134 பேர் இறந்தனர். அவர்களுடைய மாதக் கூலியை அறிந்து திருத்தந்தை பிரான்சிஸ் அடுத்த வாரமே, மே முதல் நாள், அதனை அடிமை உழைப்பு என்றே அழைத்தார். அந்தக் கடைசி நாளின் எச்சரிக்கை போதவில்லை. அனுமதியின்றி மேல்தளங்களுக்குக் கோடு கிழிக்கப்பட்ட நாளில் சொல்லப்பட்டிருந்தால் ஒருவேளை போதியிருக்கும். தயங்கும் இளைஞருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: வீரனாக வேண்டியதில்லை, ஆபத்தைக் கண்டதும் தேதியிட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வந்ததைத் தெரியாது என்று மறுப்பது எவருக்கும் கடினம்; முட்டும் மாட்டைப் பற்றி உரிமையாளரை எச்சரிப்பதும் அதுவே. அதனால் வேலை போகுமானால், அவரைத் தாங்கும் கடமை நம் சமூகத்துக்கு உண்டு. பிள்ளையின் முதற்சம்பளத்துக்கு நன்றித் திருப்பலி கேட்கும் நாம், மனச்சான்றால் வேலை இழந்து வந்த பிள்ளையைப் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்று ஏசுகிறோம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளரின் உடல்நலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஊறு விளைக்காத பணியிடம் அவர்களுடைய உரிமை என்றார். நேரடியாகக் கூலி கொடுக்காவிட்டாலும் உழைப்பின் நிலைமைகளைத் தீர்மானிப்பவர்களை மறைமுகமாக வேலை கொடுப்பவர்கள் என்றும் அம்மடல் அழைக்கிறது. அவ்வகையில் முதலாளியாகாதவர் நம்மில் எவருமில்லை. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் ஆள் கூப்பிடுகிறோம். வெள்ளையடிக்க மூன்றாம் மாடிக்குக் கயிற்றில் ஆளைத் தொங்கவிடுகிறோம். நம் ஆலயத் திருவிழா வருகிறது. சவுக்குக் கம்புச் சாரத்தில் வெறுங்காலோடு ஏறிக் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். சிலுவை வரைக்கும் சீரியல் விளக்குக் கட்டுகிறார்கள். கொடியேற்றத்தன்று கீழிருந்து அண்ணாந்து பார்த்து மகிழும் நாம், ஏறியவரின் இடுப்பில் பட்டை இருந்ததா என்று கேட்டதில்லை. 2025 மார்ச் முதல் நாள் குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் ஆலயத் திருவிழாவுக்கான பணியின்போது, உயரமான ஏணி உயரழுத்த மின்கம்பியில் பட்டு நால்வர் இறந்தனர். அவ்வூரார்மேல் பழி சொல்ல அன்று, எந்தப் பங்கிலும் நேரக்கூடியது என்பதாலேயே இதை நினைவூட்டுகிறோம்.

பங்குக்குப் பத்துப் பேராவது பொறியியல் மாணவர் இருப்பார்கள். நம் இளைஞர் இயக்கங்கள் அவர்களைத் தோரணம் கட்டவும் நாற்காலி போடவும் அழைக்கின்றன. வரும் திருவிழாவுக்குக் கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்பே அவர்களை அழைத்து, ஆலய வளாகத்தையும் தேர் செல்லும் தெருக்களையும் சுற்றிவரச் சொல்லலாம். மின்கம்பி எந்த உயரத்தில் போகிறது, தேரின் முடி எந்த உயரம், இரும்பு ஏணிக்கு மாற்றாக மரத்திலோ கண்ணாடியிழையிலோ ஆன ஏணி கிடைக்குமா, விளக்குச் சரங்களுக்கு மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பொருத்தியாயிற்றா, கோபுரத்தில் ஏறுபவருக்குப் பட்டையும் அதைக் கட்ட உறுதியான கொக்கியும் உண்டா என்று அவர்கள் எழுதித் தரட்டும். பங்குப் பேரவை அதை வாசித்து, ஆகும் செலவை வாணவேடிக்கைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். மின்சாரத்தை நிறுத்தக் கோரி மின்வாரிய அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை அந்த வாரமே எழுதிவிடலாம்.